கேள்வி கேட்டது கார் தொழிலைப் பற்றி: ஓட்டுநரில்லா டாக்சியும் சிங்கப்பூரும்



போன தவணையில் என் உயர்நிலை நான்கு வகுப்புக்கு ஒரு கட்டுரைத் தலைப்பு கொடுத்தேன்: ‘ஓட்டுநரில்லா டாக்சிகள் வந்தால் கார் தொழில்துறை எப்படி மாறும்?’ இருபத்தாறு கட்டுரைகள் வந்தன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் மூன்றே செய்திகள். விபத்து குறையும், நெரிசல் குறையும், டாக்சி ஓட்டுநர்களுக்கு வேலை போய்விடும். மூன்றும் எழுதத்தக்கவைதான். ஆனால் கேள்வி என்ன கேட்டது? கார் தொழில்துறையைப் பற்றி. அதைத் தொட்டவர் ஒருவர்கூட இல்லை. தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் கேட்டார்: “டீச்சர், மூணு கார் செய்யுற வேலைய ஒரு டாக்சியே செஞ்சிட்டா, கார் கம்பெனி மூணுல ரெண்டு மூடிடும்தானே?”

எனக்கு அன்று சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய்த் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தபிறகுதான் விடை நான் நினைத்தமாதிரி இல்லை என்று தெரிந்தது. என் மாமா இருபது ஆண்டாக டாக்சி ஓட்டுபவர். அதனால் எனக்கு இது தேர்வுத் தலைப்பு மட்டும் இல்லை.

முதலில் ஒரு சொல் விளக்கம். ‘தானியங்கி கார்’ என்று பலர் எழுதியிருந்தார்கள். கியர் தானாக மாறும் காரையும் அப்படித்தான் சொல்கிறோம், குழப்பம் வரும். ‘ஓட்டுநரில்லா டாக்சி’ என்றோ ‘தானோட்டி வாகனம்’ என்றோ எழுதுங்கள். இன்னொன்று: பாதையில் நேராக வைத்திருந்து, முன்னால் போகும் காருக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கார்கள் இப்போதே விற்பனையில் இருக்கின்றன. அவற்றில் பொறுப்பு ஓட்டுநருடையது. அவர் கண் சாலையில்தான் இருக்க வேண்டும். நாம் பேசப்போவது குறிப்பிட்ட ஒரு வட்டாரத்துக்குள் முழுப் பொறுப்பையும் வண்டியே ஏற்றுக்கொள்ளும் நிலை. துறையில் இதை நான்காம் நிலை என்கிறார்கள்.

ஒன்-நார்த்தில் தொடங்கியது

பல கட்டுரைகளில் ‘அமெரிக்காவில் தொடங்கிய இந்தத் தொழில்நுட்பம் விரைவில் சிங்கப்பூருக்கும் வரும்’ என்று இருந்தது. பொதுமக்களை ஏற்றிக்கொண்டு ஓட்டுநரில்லா டாக்சியை உலகிலேயே முதலில் சோதித்தது சிங்கப்பூரில்தான். 2016 ஆகஸ்ட் 25ஆம் தேதி, ஒன்-நார்த் வட்டாரத்தில், நியூட்டோனமி என்ற சிறு நிறுவனம் ஆறு கார்களைக் கொண்டு அதைத் தொடங்கியது. ரெனோ, மிட்சுபிஷி நிறுவனங்களின் சின்ன மின்கார்கள். முன்னிருக்கையில் பாதுகாப்புக்கு ஓர் ஓட்டுநர் இருந்தார். அதே ஆண்டு அக்டோபரில் அதில் ஒரு கார் தடம் மாறும்போது ஒரு லாரியை உரசியது. யாருக்கும் காயமில்லை.

2017 பிப்ரவரியில் நாடாளுமன்றம் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தி, இந்த வகைச் சோதனைகளுக்குத் தனி விதிமுறை வகுத்தது. அதே ஆண்டு நவம்பரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை ஒட்டி இரண்டு ஹெக்டர் பரப்பில் சோதனைத் திடல் திறந்தது. அங்கே செயற்கை மழை பெய்விக்கும் கருவிகூட உண்டு. நம் ஊர் மழையில் உணர்கருவிகள் தடுமாறும் என்பதால்தான். 2019இல் சோதனைக்கான இடம் தீவின் மேற்குப் பகுதிச் சாலைகள் முழுவதும் விரிந்தது. 2025 செப்டம்பரில் நிலப் போக்குவரத்து ஆணையம் பொங்கோல் வட்டாரத்துக்குத் தானோட்டி இடைவழிச் சேவைகளை அறிவித்தது. கிராப் நிறுவனம் சீனாவின் வீரைடுடனும், கம்ஃபர்ட்டெல்குரோ சீனாவின் போனி.ஏஐயுடனும் கைகோத்தன. இவை நினைத்த இடத்துக்குக் கூப்பிடும் டாக்சிகள் இல்லை. குறித்த வழியில், குறித்த நிறுத்தங்களில் நிற்பவை. தொடக்கத்தில் பாதுகாப்பு அதிகாரியும் உள்ளே இருப்பார் என்று அறிவிப்பிலேயே சொல்லியிருந்தார்கள்.

பொங்கோல் செய்தியில் நான் கவனித்தது ஒன்று. கிராப், கம்ஃபர்ட்டெல்குரோ, வீரைட், போனி.ஏஐ என்று நான்கு பெயர்கள். ஒன்றுகூட நாம் சாலையில் பார்த்துப் பழகிய கார் உற்பத்தியாளரின் பெயர் இல்லை. இதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

மூன்றில் ஒரு பங்கு: ஒரு கணக்கு

அந்த மாணவர் சொன்ன ‘மூன்றுக்கு ஒன்று’ எங்கிருந்தோ வந்ததில்லை. 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு சிங்கப்பூரையே எடுத்துக்கொண்டு, எல்லாருடைய தனிப்பட்ட பயணத் தேவையையும் பகிர்ந்துகொள்ளும் ஓட்டுநரில்லா கார்களால் நிறைவேற்றினால், அப்போது ஓடிய பயணி வாகனங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போதும் என்று கணக்கிட்டது. ஆய்வை எழுதியவர்களில் ஒருவர் நியூட்டோனமியை நிறுவியவர்களுள் ஒருவரும்கூட. அதையும் மனத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஆனாலும் கணக்கின் அடிப்படை எளிது: நம் கார்கள் நாளின் பெரும்பகுதியை அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தில்தான் கழிக்கின்றன.

இப்போது நாமே போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் வகுப்புக்காக எடுத்துக்கொண்டவை.

நூறு குடும்பங்கள், நூறு கார்கள். ஒவ்வொன்றும் நாளுக்கு 50 கிலோமீட்டர் ஓடுகிறது. மொத்தம் நாளுக்கு 5,000. ஒவ்வொரு காரும் 10 ஆண்டு இருக்கும் என்று கொண்டால், ஆண்டுக்கு 10 புதிய கார்கள் விற்கும்.

அந்த நூறுக்குப் பதிலாக 33 டாக்சிகள். அதே 5,000 கிலோமீட்டரைப் பகிர்ந்தால் ஒவ்வொன்றும் நாளுக்கு ஏறக்குறைய 150 ஓட வேண்டும். அதோடு முடியாது. ஒருவரை இறக்கிவிட்டு அடுத்தவர் இருக்கும் இடத்துக்கு வெறுமனே போக வேண்டும். அந்த வெறும் ஓட்டத்துக்கு இன்னும் 50 சேர்த்தால் 200. ஆண்டுக்கு 73,000 கிலோமீட்டர். ஒரு வண்டி 365,000 கிலோமீட்டர் தாங்கும் என்றால் ஐந்து ஆண்டில் ஓய்ந்துவிடும். 33ஐ ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு ஆறு அல்லது ஏழு புதிய வண்டிகள்.

பார்த்தீர்களா? ஓடும் கார்களின் எண்ணிக்கை மூன்றில் ஒன்றாகிவிட்டது. விற்பனை அப்படி ஆகவில்லை. பத்து இருந்தது ஆறரைக்கு மேல் நிற்கிறது. வண்டி 250,000 கிலோமீட்டர்தான் தாங்கும் என்றால் மூன்றரை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். விற்பனை ஒன்பதைத் தாண்டிவிடும், ஏறக்குறைய பழைய எண்ணிக்கை. ஆகவே ‘கார் கம்பெனிகள் மூடிவிடும்’ என்று எழுதாதீர்கள். எத்தனை கார் ஓடுகிறது என்பது ஒரு கேள்வி, ஆண்டுக்கு எத்தனை கார் விற்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் நடுவில் நிற்பது வண்டி எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்பது.

இதே கணக்கு ‘நெரிசல் குறையும்’ என்று எழுதியவர்களுக்கும் ஒரு செய்தி வைத்திருக்கிறது. முன்பு சாலையில் 5,000 கிலோமீட்டர் ஓட்டம் இருந்தது. இப்போது 33 டாக்சிகளும் சேர்ந்து 6,600. நிற்கும் கார் குறைந்தது, ஓடும் கார் கூடியது. கார் நிறுத்தம் காலியாகும், சாலை காலியாகும் என்று சொல்ல முடியாது. காலை ஏழு மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்பினால் 33 போதுமா என்பதும் இருக்கே. ஒன்று காத்திருக்க வேண்டும், அல்லது ஒரே வண்டியில் முன்பின் தெரியாதவரோடு உட்கார வேண்டும்.

சிங்கப்பூருக்கென்று ஒரு விசேஷம் இங்கே இருக்கிறது. 1990 முதல் நம்மிடம் வாகன உரிமைச் சான்றிதழ் முறை. பத்து ஆண்டு முடிந்தால் மறுபடி பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் பதிவை நீக்கி ஏற்றுமதிக்கோ உடைக்கவோ அனுப்ப வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் காரும் நாள் முடிந்ததால் போகும். டாக்சியாக இரவு பகல் ஓடும் வண்டிக்கு அந்த நிலை வராது. சான்றிதழ் தீரும் முன்பே வண்டி தீர்ந்துவிடும். 2023 அக்டோபரில் பெரிய கார் பிரிவுச் சான்றிதழ் 150,001 வெள்ளிக்குப் போனது. கார் விலை சேர்க்காமல் சான்றிதழுக்கு மட்டும். அவ்வளவு கொடுத்து வாங்கிய உரிமையை வீட்டுக்கார் ஒன்று கீழ்த்தளத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது. டாக்சி நிறுவனம் அதே உரிமையில் நாளுக்கு 200 கிலோமீட்டர் சம்பாதிக்கும். ஏலத்தில் இருவரும் மோதினால் யார் கை ஓங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2013க்குப் பிறகு தனியார் வாடகை கார் நிறுவனங்கள் பெருமளவில் கார் வாங்கியபோது, சான்றிதழ் விலையை ஏற்றிவிட்டது அவர்கள்தானா என்ற பேச்சு ஊரெல்லாம் இருந்தது. அந்தப் பேச்சு திரும்பவும் வரலாம்.

வாங்குபவர் யார்?

என் பார்வையில் மிகப் பெரிய மாற்றம் இதுதான். கார் வாங்குபவர் மாறுகிறார்.

இன்று கார் விற்பவர் ஒரு குடும்பத்திடம் பேசுகிறார். நிறம், தோல் இருக்கை, ஓட்டும் சுகம், ‘சொந்தக் கார்’ என்ற பெருமை. நாளை அவர் பேசப்போவது ஆயிரக்கணக்கில் ஒரே தடவை வாங்கும் நிறுவனத்தோடு. அந்த நிறுவனத்துக்கு நிறம் முக்கியமில்லை. ஒரு கிலோமீட்டர் ஓட எவ்வளவு செலவு, இருக்கையைத் துடைக்க எத்தனை நிமிடம், கதவு எத்தனை தடவை திறந்து மூடினால் பழுதாகும் என்று கேட்கும்.

முன்பு இப்படி நடந்ததே இல்லையா? நடந்திருக்கிறது. 2014 வாக்கில் நம் சாலைகளிலிருந்து விடைபெற்ற டொயோட்டா கிரவுன் கம்ஃபர்ட் டாக்சியைப் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். ஜப்பானில் டாக்சிக்கென்றே வடிவமைத்த கார் அது. பெட்டி மாதிரி உருவம், உயரமான கூரை, எளிதில் துடைக்கக்கூடிய இருக்கை. அழகுப் போட்டிக்குப் போகாது, ஆனால் ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டுநரில்லா டாக்சியும் அந்த வழியில்தான் போகிறது. கூடவே ஸ்டீயரிங், மிதிகள், பின்பார்க்கும் கண்ணாடி எல்லாம் தேவையில்லாமல் போனால், இருக்கைகளை எதிரெதிராகப் போட்டு ஒரு சிறு அறை போல ஆக்கலாம்.

ஓரமாக வைத்த பொங்கோல் செய்திக்கு வருவோம். அமெரிக்காவில் வேமோ நிறுவனம் பல ஆண்டாக ஜாகுவார் கார்களில் கருவிகளைப் பொருத்தி ஓட்டுகிறது. ஜாகுவார் ஒரு காலத்தில் பெயருக்காகவே வாங்கப்பட்ட கார். ஆனால் அங்கே பயணிகள் ‘வேமோவில் போனேன்’ என்கிறார்கள், ‘ஜாகுவாரில் போனேன்’ என்பதில்லை. விமானத்தில் போகும்போது நாம் ‘எஸ்ஐஏவில் போனோம்’ என்போம். போயிங்கா ஏர்பஸ்ஸா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? கார் நிறுவனங்களின் அச்சம் அதுதான். செயலியும் மென்பொருளும் வைத்திருப்பவரிடம் பயணி போய்விட்டால், தாங்கள் வெறும் உடற்கூடு செய்து தருபவராகிவிடுவோமோ என்று. அதனால்தான் சில நிறுவனங்கள் மென்பொருளைத் தாங்களே வைத்திருக்கக் கோடிகளைக் கொட்டின. ஜெனரல் மோட்டார்ஸ் குரூஸ் என்ற தன் நிறுவனத்தில் 10 பில்லியன் டாலருக்கும் மேல் செலவழித்தது. 2023 அக்டோபரில் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த விபத்துக்குப்பின் அனுமதி போனது. 2024 டிசம்பரில் ஓட்டுநரில்லா டாக்சிக்குப் பணம் போடுவதையே நிறுத்திவிட்டது. ஃபோர்டும் ஃபோக்ஸ்வாகனும் ஆதரித்த ஆர்கோ 2022இலேயே மூடியது.

விற்பனை முகவர், கார் கடன், தனிநபர் காப்பீடு, யூபியிலும் காக்கி புக்கிட்டிலும் இருக்கும் பழுதுபார்ப்புக் கடைகள், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள்: இவையெல்லாம் குடும்பக் காரை நம்பி இருப்பவை. ஆயிரம் வண்டி வைத்திருக்கும் நிறுவனம் தனக்கென்று பணிமனை வைத்துக்கொள்ளும். ‘கார் தொழில்துறை’ என்று எழுதும்போது ஆலை மட்டும் இல்லை, இவர்களும் சேர்த்திதான்.

ஜூரோங்கும் இருங்காட்டுக்கோட்டையும்

சிங்கப்பூரில் ஏது கார் ஆலை என்று கேட்பீர்கள். அப்பர் புக்கிட் தீமா சாலைக்குக் கற்றல் பயணம் போனவர்களுக்குப் பழைய ஃபோர்ட் ஆலை நினைவிருக்கும். 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்த இடம் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். சரணடைவதற்கு முன்பும், போருக்குப் பின் நெடுங்காலமும் அது கார் பூட்டும் ஆலை. 1980இல் மூடியது. இங்கு சந்தை சிறிது. இறக்குமதி வரிப் பாதுகாப்பும் போனபின் ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் ஆலை என்பது கட்டுப்படியாகவில்லை.

நாற்பது ஆண்டுக்கு மேல் கழித்து, 2023 நவம்பர் 21 அன்று ஜூரோங் புத்தாக்க வட்டாரத்தில் ஹுண்டாய் ஒரு மின்கார் ஆலையைத் திறந்தது. ஆண்டுக்கு 30,000 கார் செய்யலாம். நீளமான ஓடுபட்டை இல்லை. சிறு சிறு கூடங்களில் இயந்திரக் கைகளும் ஊழியர்களும் சேர்ந்து காரை உருவாக்குகிறார்கள். கூரைமேல் சோதனை ஓட்டப் பாதை. அங்கே செய்வதற்குத் திட்டமிட்டவற்றுள் ஒன்று அயோனிக் 5 ஓட்டுநரில்லா டாக்சி, மோஷனல் நிறுவனத்துக்காக. மோஷனல் யார்? நம் ஒன்-நார்த்தில் ஓடிய அதே நியூட்டோனமிதான். 2017இல் டெல்ஃபை 450 மில்லியன் டாலருக்கு அதை வாங்கியது. பிறகு ஹுண்டாயும் சேர்ந்து 2020இல் மோஷனல் ஆனது. ஆறு சின்ன கார்களோடு இங்கே தொடங்கியது, சுற்றிச் சுற்றி ஜூரோங்குக்கே வந்துவிட்டது. ஆனால் அந்த டாக்சிகள் போவது அமெரிக்காவுக்கு. அங்கேயும் பாதை சீராக இல்லை: 2024இல் மோஷனல் வாடிக்கையாளர் சேவையை நிறுத்தி, ஊழியர்களைக் குறைத்து, தொடக்கத் தேதியை 2026க்குத் தள்ளிவைத்தது.

அதே ஹுண்டாய்க்குச் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஆலை ஓடுகிறது. ஆண்டுக்கு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள். உங்களில் சிலருக்கு அங்கே உறவினர் வேலை பார்க்கக்கூடும். அந்த ஆலை குடும்பங்களுக்கு விற்கிறது. இந்தியாவில் ஓட்டுநரில்லா காரை அனுமதிக்கப்போவதில்லை என்று சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2017இலும் 2023இலும் சொல்லியிருக்கிறார். ஓட்டுநர் வேலை போய்விடும் என்பதுதான் காரணம். இங்கே நிலைமை தலைகீழ். ஓட்டுநர் கிடைப்பது அரிது, இருப்பவர்களுக்கும் வயதாகிறது. டாக்சி ஓட்டும் உரிமம் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மட்டும்தான், வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்க முடியாது. ஒரே கார் நிறுவனம், ஒரே தொழில்நுட்பம், இரண்டு நாட்டில் இரண்டு எதிர்காலம். ஒப்பிட்டு எழுதச் சொல்லும் வினாவுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

தேக்காவில் எப்போது?

என் மாமா பெரும்பாலும் சிராங்கூன் சாலைப் பக்கம்தான் ஆள் ஏற்றுவார். பொங்கோல் செய்தியைக் காட்டியபோது சிரித்தார். “பொங்கோல்ல ரோடு அகலம், ஆளும் பச்சை விளக்குப் பாத்துக் கடப்பாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தேக்காவுல விட்டுப் பாக்கச் சொல்லு.”

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பஃபலோ ரோட்டில் லாரியிலிருந்து காய்கறிப் பெட்டி இறங்கிக்கொண்டிருக்கும். அஞ்சடியில் இடமில்லாமல் கூட்டம் சாலைக்கு வழியும். பூ வாங்கிய பாட்டி ஒருவர் கையை மட்டும் காட்டிவிட்டுக் கடப்பார். மாமா தலையை அசைப்பார், அவ்வளவுதான் பேச்சு. மனிதர் குறுக்கே வந்தால் நிற்கத் தெரிந்த வண்டி அங்கே நின்றுகொண்டே இருக்கும். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை சாலைத் தடங்கள் மூடப்படும். வண்டியின் வரைபடமும் அதற்கேற்ப மாற வேண்டும். இது முடியாத காரியம் என்று நான் சொல்லவில்லை. சான்பிரான்சிஸ்கோவின் நெரிசலில் வேமோ ஓடுகிறது. ஆனால் எளிதான சாலை முதலில், கடினமான சாலை கடைசியில் என்பதுதான் எல்லா ஊரிலும் நடப்பது. அதுவரை கடினமான சாலைகள் மனித ஓட்டுநருக்கே மிஞ்சும். நல்ல வருமானம் தரும் சுலபமான சவாரிகள் போய், சிரமமானவை மட்டும் மிஞ்சினால் அவர் வாடகையை எப்படிக் கட்டுவார்? ‘வேலை போய்விடும்’ என்று ஒரே வரியில் எழுதுவதைவிட இதை எழுதுங்கள். வேலை ஒரே நாளில் போவதில்லை. முதலில் வருமானம் மெலியும்.

புதிய வேலைகளும் வரும். வண்டிக்குள் பாதுகாப்பு அதிகாரி, தொலைவிலிருந்து பல வண்டிகளைக் கண்காணிப்பவர், மின்னேற்றிச் சுத்தம் செய்யும் பணிமனை ஊழியர். அறுபது வயது ஓட்டுநர் இவற்றில் எதற்குப் போவார், அதற்குப் பயிற்சி கொடுப்பது யார் என்று கேட்டு எழுதினால் உங்கள் கட்டுரைக்கு எடை கூடும். சக்கர நாற்காலியை மடித்து வைப்பவர், பாட்டியின் பையை மின்தூக்கி வரை தூக்கிப்போய்க் கொடுப்பவர் இனி யார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியில் என் கணக்கையும் மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்த்தார். வெறும் ஓட்டம் 50 கிலோமீட்டர் என்ற இடத்தில் விரல் நின்றது.

“இது யார் சொன்னது? ராத்திரி பாசிர் ரிஸ்ல ஒருத்தர இறக்கிவிட்டா, திரும்பி வர்ற வரைக்கும் யாரும் ஏற மாட்டாங்க. நீ பாதிக்குப் பாதின்னு போடு.”

போட்டேன். 150 ஆளோடு, 150 ஆளில்லாமல். நாளுக்கு 300, ஆண்டுக்கு 109,500. அதே 365,000 கிலோமீட்டர் தாங்கும் வண்டி மூன்று ஆண்டும் நான்கு மாதமும்தான் வரும். 33 டாக்சிக்கு ஆண்டுக்குப் புதிய வண்டி எத்தனை வேண்டும்? பத்து. நூறு வீட்டுக்கார் இருந்தபோது விற்ற அதே பத்து.

ஆசிரியர்களே, அந்த ஓர் எண்ணை மட்டும் காலியாக விட்டுக் கணக்கை வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். வீட்டில் டாக்சியோ வாடகை காரோ ஓட்டுபவர் இருந்தால் அவரிடம் கேட்டு நிரப்பிவரச் சொல்லுங்கள். என் வகுப்பில் அடுத்த வாரம் அதைத்தான் செய்யப்போகிறேன்.